புதுச்சேரிக்குச் சைக்கிளில்: பையில் எதை வைப்பது, எதை விடுவது

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பட்டியல். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு, ஏறத்தாழ 150 கிலோமீட்டர், முதல் முறையாகத் தனியாகப் போகிறீர்கள். 700-28 டயர், மெல்லிய வால்வு, பின்னால் 9 பல்சக்கரம் கொண்ட கியர் சைக்கிள். பழுதுக்கும் ஆபத்துக்கும் என்னென்ன எடுத்துச் செல்வது என்பது கேள்வி. கூடவே நீங்கள் எழுதியிருந்த 31 பொருள்களின் பட்டியலையும், "இத்தனையும் தூக்கிக்கொண்டு போனால் மிதிக்க முடியுமா?" என்ற கடைசி வரியையும் படித்தபோது, உங்கள் மனத்தில் இருப்பது வேறு கேள்வி என்று தோன்றியது. எந்தக் கோளாறு வந்தால் நடுவழியில் நின்றுவிடுவேன், எந்தக் கோளாறோடு தட்டுத்தடுமாறியாவது ஊர் போய்ச் சேரலாம் என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. 18 ஆண்டுகளாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன். ஒடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு நெடுந்தூரச் சைக்கிள் சங்கத்தின் விதிகளின்படி நடக்கும் 200, 300 கிலோமீட்டர் நெடும்பயணங்களும் ஓட்டுகிறேன். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சோதனைச் சாவடிகளைத் தவிர வேறெங்கும் துணை வண்டியின் உதவியைப் பெறக் கூடாது. நம் பழுதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இந்த விதிதான் பையை எப்படி அடுக்குவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் நான் மருத்துவன் அல்லன். கார்பன் சட்டத்தையும் (ஃபிரேம்) மின்சாரத்தில் இயங்கும் கியரையும் சாலையோரத்தில் வைத்துத் தொடவும் மாட்டேன். கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

நீங்கள் போகும் சாலை வனாந்தரமல்ல. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம், மரக்காணம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த ஊர்களில் ஒரு பஞ்சர் கடை, ஒரு வெல்டிங் பட்டறை, ஒரு மருந்துக் கடை, நாலு தேநீர்க் கடை இருக்கும். சுத்தியல், ஸ்பேனர், குறடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். கிடைக்காதது ஒன்றுதான்: உங்கள் சைக்கிளுக்கு மட்டுமே பொருந்தும் பாகம். ஆகவே ஒரு பொருளைக் கையில் எடுத்தால், "இது மரக்காணத்தில் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் கீழே வையுங்கள். உங்கள் 31இல் பாதி இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும். 15 அளவு ஸ்பேனரும் அரை லிட்டர் எண்ணெயும் முதலில் விழட்டும்.

இனி பஞ்சர். உங்களுக்கு வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தச் சாலையில் காரணங்கள் மூன்று. சாலையோரம் ஒதுங்கி ஓட்டும்போது ஏறும் கண்ணாடிச் சில்லு. வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்து கிடக்கும், மயிரிழை போன்ற எஃகுக் கம்பி. மூன்றாவது, நம் ஊருக்கே உரிய சீமைக் கருவேல முள். இயற்கைக் கடன் கழிக்கவோ நிழலுக்கோ சாலையை விட்டு நாலடி இறங்கினாலே அந்த முள் டயரில் ஏறிவிடும். உடனே காற்று இறங்காது. அதுதான் அதன் சூழ்ச்சி. பத்து கிலோமீட்டர் போன பிறகு பின்சக்கரம் மெத்தென்று ஆகும். ஆகவே சாலையை விட்டு இறங்க வேண்டியிருந்தால் சைக்கிளை உருட்டாதீர்கள், தூக்கிச் செல்லுங்கள்.

புது டியூப் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். ஒன்று போதும் என்று நினைத்து ஓட்டிய ஓர் இரவில், மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டியதும் பின்சக்கரம் இறங்கியது. அவசரத்தில் டியூபை மாற்றினேன். டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கவில்லை. முள்ளின் முனை உள்ளேயே இருந்தது. ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, புது டியூபும் போனது. பல ஆண்டுக் கைப்பழக்கம் இருந்தும் இதைச் செய்தவன் நான். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: டயரில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட இடமும் வால்வும் ஒரே நேரில் இருக்குமாறுதான் டயரை மாட்டுவேன். டியூபில் ஓட்டை தெரிந்தவுடன், வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ அதே இடத்தில் டயரில் தேடினால் முள் அகப்பட்டுவிடும். விரலால் தேடும்போது மெதுவாகத் தடவுங்கள், கண்ணாடி கிழிக்கும். துணியை உருட்டித் தேய்த்தால் நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். ஓட்டை ஒன்றாக இல்லாமல், பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டாக இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் இறங்கி, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது.

மெல்லிய வால்வு என்பதால் ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்க்கடைகளில் தொங்கும் டியூபில் இருப்பது டன்லப் பெயரால் வழங்கும் பழைய வால்வு. உள்ளே வால்டியூப் என்று ஒரு சின்ன ரப்பர்க் குழாய் மாட்டுவார்களே, அது. பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் இன்றும் நம் கிராமங்களில் ரப்பர்க் குழாயாகப் புழங்குகிறது. அந்த வால்வின் தண்டு பருமனானது. உங்கள் ரிம்மில் மெல்லிய வால்வுக்கான 6.5 மில்லிமீட்டர் துளைதான் இருக்கும். மற்ற வால்வுகளுக்கு 8.5 மில்லிமீட்டர் வேண்டும். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தத் துளைக்குள் அதை நுழைக்க முடியாது. துளையை அரத்தால் பெரிதாக்கித் தருகிறேன் என்பார்; வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டியூபின் அளவு சற்று முன்பின் இருந்தால்கூட இழுத்து மாட்டிவிடலாம். 26 அங்குல டியூபை 700 டயருக்குள் திணித்து வீடு போனவர்கள் உண்டு. வால்வு மாறினால் வழியே இல்லை. அதனால்தான் இரண்டு டியூப் என்கிறேன்.

இரண்டும் போனால்? ஒட்டுப் போடும் பெட்டி. உப்புத்தாள், சொல்யூஷன், ஆறேழு ஒட்டு. எல்லாம் சேர்த்து 30 கிராம் இருக்காது. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு மறையும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். பலரும் தோற்பது இந்தக் காத்திருப்பில்தான். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிட்டு, ஒட்டு சரியில்லை என்பார்கள். இன்னொன்று: சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் அமுக்கிப் பாருங்கள். பசையே தேவையில்லாத ஒட்டுகளும் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். சிலருக்கு மாதக்கணக்கில் நின்றிருக்கின்றன, எனக்கு மே மாத வெயிலில் இரண்டு முறை கழன்று வந்திருக்கின்றன. வீடு சேரும்வரை தாங்கினால் போதும் என்ற அளவில் அவற்றை நம்புகிறேன். இருசக்கர வாகனப் பஞ்சர் கடையில் ஒட்டக் கொடுத்தால், சூடு வைத்து அழுத்தும் கருவியில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் டியூப் மெல்லியது, கருகிவிடும்.

காற்று அடிக்கச் சிறிய கைப்பம்பு ஒன்று சைக்கிளிலேயே மாட்டியிருக்கட்டும். 28 மில்லிமீட்டர் அகல டயருக்கு ஓட்டும் அளவுக்கு அழுத்தம் வர இருநூறு முறையாவது அடிக்க வேண்டியிருக்கும். கை வலிக்கும், ஆனால் அது தீர்ந்துபோகாது. கார்பன் டை ஆக்சைடு அடைத்த 16 கிராம் குப்பி சில நொடிகளில் டயரை நிரப்பிவிடும். ஆனால் ஒரு குப்பி ஒரு முறைக்குத்தான். தலையைச் சரியாகப் பொருத்தாவிட்டால் எல்லாம் புஸ்ஸென்று வெளியே போய்விடும். அந்த வாயு ரப்பரின் வழியே சீக்கிரம் கசியும் என்பதால் மறுநாள் மீண்டும் சாதாரணக் காற்றை அடிக்க வேண்டும். பந்தயக்காரர்களுக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக, மெல்லிய வால்வின் மேல் திருகும் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விரல்நுனி அளவுதான் இருக்கும். அது இருந்தால் பெட்ரோல் பங்கிலும் பைக் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். கம்ப்ரசரில் பிடிக்கும்போது விட்டு விட்டுக் கொஞ்சமாகப் பிடியுங்கள். லாரிக்குப் பழகிய குழாய் உங்கள் டயரை இமைக்கும் நேரத்தில் வெடிக்க வைத்துவிடும்.

டயரைக் கழற்ற பிளாஸ்டிக் லீவர் இரண்டு. இரும்பு லீவரும் கரண்டிக் காம்பும் அலுமினிய ரிம்மைக் கீறும். டயரே கிழிந்துவிட்டால் உள்பக்கமாக வைக்க, பழைய டயரிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய ஒரு துண்டு. அது இல்லாதபோது பல்பசைக் குழாயை வெட்டி வைத்து 40 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். டியூப் இல்லாத டயர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே ஊற்றும் ரப்பர்ப் பால் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் காய்ந்துவிடுகிறது. அதை நம்பி மாற்று டியூப் இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள்.

பஞ்சருக்கு அடுத்தபடி நான் அஞ்சுவது செயினும், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பின் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கரும். செயின் அடிக்கடி அறுவதில்லை. ஆனால் அறுந்தால் ஊர்க்கடையில் தீர்வு இருக்காது. அவர்களிடம் இருப்பது ஒற்றைக் கியர் சைக்கிளின் தடித்த செயின். 9 கியர் செயினுக்கான இணைப்புக் கண்ணி ஒரு ஜோடி, எடை ஐந்து கிராம்கூட இராது. 9க்கு 9தான் வாங்க வேண்டும், 10க்கோ 11க்கோ உரியது பொருந்தாது. அறுந்த கண்ணியைத் தள்ளி எடுக்கச் செயின் கருவியும் வேண்டும். அது உள்ளடங்கிய மடக்குக் கருவியாக வாங்கினால் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, நட்சத்திரத் தலை 25, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றிலேயே அடங்கிவிடும். வாங்கியதும் உங்கள் சைக்கிளின் ஒவ்வொரு திருகிலும் வைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் புட்டித் தாங்கியின் இடுக்கில் அந்தக் கருவி நுழையாது என்பதைக் கல்பாக்கத்தில் கண்டுபிடிக்கக் கூடாது.

ஹேங்கர் என்பது டீரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும், வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்ட அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தால் சட்டம் வளையாமல் இது வளையும். ஒருமுறை தேநீர்க் கடை வாசலில் நண்பரின் சைக்கிள் சரிந்தது. கீறல்கூட இல்லை என்று மகிழ்ந்து ஏறினார். அடுத்த ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியதும் டீரெய்லர் ஆரக்கம்பிகளுக்குள் போய்ச் சுருண்டது. அவரும் சைக்கிளும் ஒரு குட்டி யானை சரக்கு வண்டியின் பின்புறத்தில் காய்கறிக் கூடைகளோடு வீடு திரும்பினார்கள். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். சென்னையிலேயே தேடித்தான் வாங்க வேண்டும். 20 கிராம் எடையுள்ள அந்தத் துண்டு ஒன்று பையில் கிடக்கட்டும். விழுந்து எழுந்தால், ஓட்டுவதற்கு முன் பின்னாலிருந்து பாருங்கள். டீரெய்லர் உள்பக்கம் சாய்ந்திருந்தால் பெரிய பற்களுக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

ஆரக்கம்பி ஒன்று ஒடிந்தால் (கடைகளில் போக்ஸ் கம்பி என்பார்கள்) அதைப் பக்கத்துக் கம்பியோடு சேர்த்து டேப்பால் கட்டிவிட்டு, ரிம் உரசினால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி மெதுவாகப் போகலாம். தளர்த்தியது நினைவிருக்கட்டும். மாற்றுக் கம்பி எடுத்துச் செல்வதில் பயனில்லை. பின்சக்கரத்தின் வலப்பக்கம் ஒடிந்தால் பல்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும், அதற்கான கருவி உங்களிடம் இராது. சக்கரத்தின் கோட்டம் எடுப்பதை மட்டும் ஊர்க்கடைப் பெரியவர்களிடம் நம்பிக் கொடுக்கலாம். அவர்களில் பலருடைய கை என்னுடையதைவிட நேர்த்தியானது. பம்பின் மேல் இரண்டு மீட்டர் டேப்பைச் சுற்றி வையுங்கள், நாலு கேபிள் டை போதும். சட்டமோ, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோ உடைந்தால் பயணம் முடிந்தது. 1913 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் யூஜீன் கிறிஸ்தோப் தூர்மலே மலையில் ஃபோர்க் உடைந்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஒரு கொல்லர் பட்டறையில் தானே அடித்துச் சேர்த்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்ததற்காக அவருக்கு அபராத நிமிடங்களும் விதித்தார்கள். அது இரும்புக் காலம். உங்களுடையது அலுமினியச் சட்டம். வெல்டிங் பட்டறைக்காரர் சரி என்றாலும் கொடுக்காதீர்கள்.

சைக்கிளை விட்டு உங்கள் உடம்புக்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் கருவிகள் 24, உடம்புக்கானவை 2. சென்னையிலிருந்து புதுச்சேரிவரை வெயில்தான் முதல் எதிரி. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் பாதி ஆபத்து குறையும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அரைப் புட்டியில் கொட்டிக் குடிக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடல்ல. வெறும் தண்ணீரையே பல லிட்டர் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைவதும் உண்டு. தலைசுற்றல், குமட்டல் வந்தால் நிழலில் நின்றுவிடுங்கள். பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். அந்த நிலையில் நீங்களாக எதையும் முடிவு செய்ய முடியாது. அருகில் இருப்பவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி 108ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். ஆகவே அதற்கு முன்பே நின்றுவிடுவதுதான் வழி.

சிராய்ப்புக்குச் சுத்தமான தண்ணீரே முதல் மருந்து. மண்ணும் ஜல்லித்தூளும் போகக் கழுவி, கிருமி நீக்கப்பட்ட காஸ் துணி வைத்துச் சுற்றினால் புதுச்சேரிவரை போதும். டிடி ஊசி (ரணஜன்னித் தடுப்பூசி) போட்டு எத்தனை ஆண்டாகிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் எழுதாத ஒரு பொருளை நான் சேர்ப்பேன்: காகித சோப்பு. அதிகாலையில் துரத்தும் நாய்கள் இந்தச் சாலையில் உண்டு. கடித்தாலோ பல் கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே தடுப்பூசியும் தொடங்க வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வைக்கச் சொல்பவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பெரிய விபத்து நேர்ந்தால் பையில் இருக்கும் எதுவும் உதவாது. உங்களைத் தூக்குபவருக்கு நீங்கள் யார் என்று தெரிவதுதான் உதவும். பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டார் இருவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, டேப் ஒட்டி, தலைக்கவசத்தின் உள்ளே வையுங்கள். செல்பேசியின் பூட்டுத் திரையிலும் அவசர எண்ணைப் பதிந்து வையுங்கள்; ஆனால் செல்பேசி உடைந்துவிடலாம், தாள் உடையாது. 108ஓடு 112ஐயும் நினைவில் வையுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்துக்குள்ளாகும் யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் உச்சவரம்புக்குள், கட்டணம் இல்லை. இதை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். பதற்றத்தில் அவர்களுக்கு நினைவு வராது.

மற்றவை சுருக்கமாக. பின்னால் சிவப்பு விளக்கு, ஒளி திருப்பும் மேலங்கி, முன்விளக்கு: விடியலுக்கு முன் கிளம்புவதால் இவை கட்டாயம். 500 ரூபாய்க்குச் சில்லறையாகப் பணம். இணைப்பு இல்லாத இடத்தில் பஞ்சர் கடைக்காரரின் க்யூஆர் அட்டை வெறும் அட்டைதான். கையடக்க மின்கலம் ஒன்று. மழைக்கோட்டு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும். நான் சொன்ன சைக்கிள் சாமான்கள் அனைத்தும் சேர்ந்து 800 கிராமைத் தாண்டாது, இருக்கைக்கு அடியில் மாட்டும் பையில் அடங்கும். டியூபை மட்டும் பழைய காலுறைக்குள் போட்டு வையுங்கள். கருவியோடு உரசி உரசி, எடுக்கும்போதே ஓட்டையாக இருந்த புது டியூபை நான் பார்த்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, அதே கைப்பம்பால் காற்று அடித்து மாட்டிப் பாருங்கள். முதல் முறை ஒரு மணி நேரம்கூட ஆகலாம், மூன்றாவது முறை 15 நிமிடத்தில் முடியும்.

பூட்டு வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் எடுத்துச் செல்வதில்லை. தேநீர்க் கடையில் கண்ணெதிரே சாய்த்து வைப்பேன். இடப்பக்கமாகத்தான், டீரெய்லர் இருக்கும் வலப்பக்கம் சுவரைத் தொடாதபடி. புதுச்சேரியில் அறை எடுக்கும்போது, சைக்கிளை அறைக்குள் கொண்டுவர விடுவார்களா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மறுத்தால் வேறு விடுதி பாருங்கள்.